ஒரு ஸ்டிக்கர், முப்பது பிள்ளைகள்

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் 8ஆம் வகுப்பு ஆசிரியை நான். ஒரு மாணவியின் முகத்தை ஸ்டிக்கராக்கி, வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிட்டிருக்கிறார்கள். அவள் பள்ளிக்கே வரவில்லை. செல்போன் கெடுதல் என்று எவ்வளவோ பேசிப் பார்த்துவிட்டேன். வேறு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: பாடம் அப்புறம், முதலில் ஸ்டிக்கர். யார், எப்போது அனுப்பினார் என்று தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, குழுவின் அட்மினிடம் சொல்லி அதை எல்லோருக்கும் அழிக்க வையுங்கள். அதோடு போகாது. ஃபேவரைட்ஸில் சேர்த்துவைத்தவர் போனில் அது அப்படியே இருக்கும். அவரவர்தான் நீக்க வேண்டும். போன் பெரும்பாலும் அம்மாவுடையதோ அப்பாவுடையதோதான் என்பதால் பெற்றோரையும் கூப்பிட்டுப் பேசுங்கள்.

படம் ஆபாசமாக மாற்றப்பட்டிருந்தால் கதையே வேறு. அப்போது ஸ்கிரீன்ஷாட் கூடாது, ‘ஆதாரத்துக்காக’ சக ஆசிரியருக்கு அனுப்பவும் கூடாது. குழந்தைகளின் ஆபாசப் படத்தைச் சேமிப்பதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். ஆசிரியருக்கு விலக்கு இல்லை. அனுப்பியவரின் எண், குழுவின் பெயர், நேரம் மூன்றையும் தாளில் குறித்துக்கொண்டு காவல்துறைக்குச் சொல்லுங்கள். போக்சோ சட்டப்படி சொல்லியே ஆக வேண்டும், பள்ளிக்குள் பேசி முடிக்க வழியில்லை. பிள்ளைக்கு உதவி வேண்டுமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

இனி பாடம். ஸ்டிக்கரைச் செய்தவன் ஒருவன். அனுப்பியவர்களும் சிரித்தவர்களும்தான் வகுப்பில் அதிகம். திட்டெல்லாம் அந்த ஒருவனுக்கே போவதால், மற்றவர்கள் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் பேச வேண்டியது அவர்களிடம்.

கரும்பலகையில் கணக்காகவே போடுங்கள். ஒருவர் ஐந்து பேருக்கு, அந்த ஐவரும் ஆளுக்கு ஐந்து பேருக்கு: 5, 25, 125, 625. நாலே சுற்றில் பள்ளியைத் தாண்டிவிடுகிறது. பிறகு 2018 மே மாதம் போளூர் அருகே நடந்ததைச் சொல்லுங்கள். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவியிருந்த நேரம். கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். நாடெங்கும் இப்படிச் சாவுகள் நடந்த பிறகுதான், இந்தியாவில் ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. இரட்டை அம்புக்குறி போட்டு வரும் செய்தி பல கை மாறி வந்தது என்பதையும் போனில் காட்டுங்கள்.

கடைசிப் பத்து நிமிடம் எழுத்து வேலை. நண்பன் இப்படி ஒன்றைப் போட்டால் குழுவில் நீ என்ன டைப் பண்ணுவாய்? பாதிப் பேர் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், தடுக்க வேண்டும் என்று தெரிந்தும் வார்த்தை வராது. “டேய், அழிச்சிடு, நல்லா இல்ல” என்று ஒருவன் எழுதினாலும் போதும், உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அறிவுரைத் தமிழில் எழுதியதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குழுவில் அப்படி யாரும் பேசுவதில்லை.

அந்த மாணவி திரும்பி வந்த அன்றைக்கே இந்தப் பாடத்தை எடுக்காதீர்கள். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பும். ஒரு வாரம் போகட்டும்.