விண்டோஸ் 11-ஐ மறுபடி நிறுவியதும் க்ரப் மெனு (விண்டோஸா உபுண்டுவா என்று கேட்கும் திரை) வரவில்லை, நேராக விண்டோஸ் திறக்கிறது. உபுண்டுவையும் மறுபடி போட வேண்டுமா?

வேண்டாம். விண்டோஸை நிறுவும்போது லினக்ஸ் பார்ட்டிஷனை (உபுண்டு இருக்கும் வட்டுப் பகுதியை) நீங்களே டெலிட் செய்திருந்தால் ஒழிய, உபுண்டுவும் உங்கள் கோப்புகளும் அப்படியேதான் இருக்கும்.

விண்டோஸ் 11 ஓடுகிறது என்றால் அநேகமாக அது யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த, கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) கணினி. இதில் பூட் லோடர்கள் (ஓஎஸ்ஸை ஏற்றும் சிறு நிரல்கள்; க்ரப்பும் ஒன்று) இஎஸ்பி என்ற சிறிய ஃபேட்32 பார்ட்டிஷனில் தனித்தனி ஃபோல்டர்களில் இருக்கும். எதை முதலில் எடுப்பது என்ற வரிசை மதர்போர்டில் பதிவாகியிருக்கும். விண்டோஸை நிறுவும்போது அது தன்னையே முதலிடத்தில் வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆளாளுக்குச் சொல்கிற 'பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர்' வித்தைக்கு இங்கே வேலையே இல்லை. அது வட்டின் முதல் 512 பைட்டில் பூட் கோடு இருந்த பழைய பயாஸ் காலத்துச் சமாச்சாரம். அதுவும் விண்டோஸை மீட்கத்தான்.

எதையும் தொடும் முன் பிட்லாக்கரின் (விண்டோஸின் வட்டு என்கிரிப்ஷன்) 48 இலக்க மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பூட் வரிசையையோ செக்யூர் பூட்டையோ (கையெழுத்திட்ட பூட் லோடரை மட்டும் அனுமதிக்கும் அமைப்பு) மாற்றினால் விண்டோஸ் அதைக் கேட்கலாம். ஹோம் பதிப்பிலும் என்கிரிப்ஷன் தானாகவே போட்டிருக்க வாய்ப்புண்டு.

பிறகு கணினியை அணைத்து, பூட் மெனு விசையை அழுத்தியபடி ஆன் செய்யுங்கள் (லெனோவோ, டெல் என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9). பட்டியலில் 'உபுண்டு' இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதில் நுழைந்து, டெர்மினலில் 'சூடோ இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்' கொடுத்தால் ஒவ்வொரு பதிவுக்கும் நான்கு இலக்க எண் தெரியும். உபுண்டு 0003, விண்டோஸ் 0000 என்றால், அதே கட்டளையோடு '-ஓ 0003,0000' சேர்த்தால் போதும். சில லேப்டாப்கள் இதை மதிக்காது; அங்கே பயாஸ் (யூஇஎஃப்ஐ) அமைப்புத் திரையிலேயே வரிசையை மாற்றுங்கள்.

பட்டியலிலேயே இல்லை என்றால் உபுண்டு லைவ் யூஎஸ்பி (நிறுவாமலே உபுண்டுவை ஓட்டும் பென்டிரைவ்) வேண்டும். அதை யூஇஎஃப்ஐ முறையில்தான் பூட் செய்ய வேண்டும். '/சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ' ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' கொடுத்து எக்ஸ்ட்4 பார்ட்டிஷனையும் (உபுண்டு) விஃபேட் பார்ட்டிஷனையும் (இஎஸ்பி) அடையாளம் காணுங்கள். முன்னதை '/எம்என்டி'யிலும், பின்னதை '/எம்என்டி/பூட்/இஎஃப்ஐ'யிலும் மவுண்ட் செய்யுங்கள். டெவ், ப்ராக், சிஸ், ரன் என்ற நான்கு சிஸ்டம் ஃபோல்டர்களையும் '/எம்என்டி'க்கு உள்ளே இணைக்கும்போது '--பைண்ட்' போடாமல் '--ஆர்பைண்ட்' போடுங்கள். வெறும் பைண்டில் சிஸ்-க்குள் இருக்கும் இஎஃப்ஐவார்ஸ் (மதர்போர்டின் பூட் பதிவுகளைக் காட்டும் ஃபோல்டர்) கூடவே வராது. 'இஎஃப்ஐ வேரியபிள்ஸ் ஆர் நாட் சப்போர்ட்டட்' என்று கடைசி நேரத்தில் முரண்டு பிடிக்கும். பிறகு 'சிஹெச்ரூட் /எம்என்டி' (நிறுவிய உபுண்டுவுக்குள் நுழையும் கட்டளை), அதற்குள் 'க்ரப்-இன்ஸ்டால்', 'அப்டேட்-க்ரப்'. யூஇஎஃப்ஐயில் வட்டின் பெயர் கொடுக்கத் தேவையில்லை.

இதோடு ரீஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். விண்டோஸ் நிறுவும்போது இஎஸ்பியையும் அழித்துப் புதிதாக உருவாக்கியிருந்தால் அதன் யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) மாறியிருக்கும். எந்தப் பார்ட்டிஷனை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் '/இடிசி/எஃப்எஸ்டேப்' கோப்பிலோ பழைய எண்தான் இருக்கும். க்ரப் மெனு அழகாக வரும், உபுண்டுவைத் தேர்ந்தெடுத்தால் 90 விநாடி காத்திருந்து எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். க்ரப் சரியாகவில்லை என்று நினைத்துப் பலர் மறுபடி மறுபடி நிறுவுவது இந்த இடத்தில்தான். சிஹெச்ரூட்டில் இருக்கும்போதே 'பிஎல்கேஐடி' காட்டும் புதிய எண்ணை எஃப்எஸ்டேப்பில் '/பூட்/இஎஃப்ஐ' வரியில் மாற்றிவிடுங்கள்.

மெனுவில் விண்டோஸைக் காணோம் என்றால் பதற வேண்டாம். க்ரப் 2.06 முதல் ஓஎஸ்-ப்ரோபர் (மற்ற ஓஎஸ்களைத் தேடும் நிரல்) இயல்பாகவே அணைந்திருக்கும். '/இடிசி/டிஃபால்ட்/க்ரப்' கோப்பில் 'க்ரப்_டிஸேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபால்ஸ்' என்ற வரியைச் சேர்த்து (மூலத்தில் ஃபால்ஸ் மட்டும் சின்ன எழுத்து, மற்றதெல்லாம் பெரிய எழுத்து) 'அப்டேட்-க்ரப்' இன்னொரு முறை ஓட்டுங்கள்.