உப்பு வாருவதும் ஏற்றுவதும்: பல ஊர் உப்பளக்காரர்களின் கேள்வி பதில்

வாலிநோக்கம்: அண்ணே, உப்பை அள்ளிப்போடும் லோடர் ஒன்று, டிராக்டர் ஆறு. உப்பைக் கொட்டிக் குவிக்கும் தட்டுமேட்டுக்கு உப்பு போய்ச் சேரும் வேகம் பத்தவில்லை. ஏழாவது டிராக்டரை வாடகைக்கு எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். முதலில் போன் கடிகாரத்தை வைத்துப் பத்து நடைக்கு ஏற்றும் நேரம், போகும் நேரம், கொட்டும் நேரம், திரும்பும் நேரம் நான்கையும் தனித்தனியே குறியுங்கள். நல்ல நடையை மட்டும் பார்க்காமல் சராசரி எடுங்கள்.

ஏற்ற 4 நிமிடம், ஏற்றுவதும் சேர்த்து ஒரு சுற்று 20 நிமிடம் என்று வையுங்கள். 20ஐ 4ஆல் வகுத்தால் 5. ஐந்து டிராக்டரே லோடருக்கு முழு வேலை கொடுத்துவிடும். சுற்று நேரம் சீராக இராது என்பதால் ஆறாவது ஓரளவு உதவும், ஏழாவது வரிசையில்தான் நிற்கும். மணிக்கு 15 நடைக்கு மேல் லோடரால் ஏற்ற முடியாது.

ஆகவே லோடரைக் கவனியுங்கள். வரப்பில் உப்பு இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடந்தால் லோடர் அலைந்தே நேரம் போகும். வாரும்போதே வரப்பின் ஒரே பக்கம் வரிசையாகக் குவிக்கச் சொல்லுங்கள், டிராக்டரைக் குவியலுக்குப் பக்கத்திலேயே நிறுத்துங்கள். ஏற்றும் நேரம் 3 நிமிடமானால் இதே ஆறு டிராக்டரில் மணிக்கு 18 நடை வரை எட்டலாம்.

திருப்பாலைக்குடி: எல்லாப் பாத்தியும் ஒரே நேரத்தில் விளைந்துவிடுகிறது. எதை முதலில் வாருவது?

தண்ணீர் பாய்ச்சும் நாளிலேயே இதைத் தீர்க்க வேண்டும். பத்து நாளில் வாருவதென்றால் 30 பாத்திக்கு நாளுக்கு மூன்றாகப் பாய்ச்சுங்கள். உப்புநீரை வெயிலில் வற்றவைக்கும் தெப்பத்துத் தண்ணீர், நீரின் அடர்த்தியைக் காட்டும் பாமே அளவில் 25 டிகிரி வந்தபிறகே பாத்தியில் விடவேண்டும். அதற்கு முன் விட்டால் ஜிப்சம் உப்போடு கலக்கும். பாத்தியில் 29ஐத் தொடுவதற்குள் மிச்ச நீரை வெளியேற்றுங்கள். விட்டுவைத்தால் மக்னீசியம் ஏறும், உப்பு கசக்கும், காற்று ஈரத்தை இழுத்துக் கசியும்.

இப்போது ஒன்றாக விளைந்து நிற்பவற்றில் டிகிரி கூடியதை முதலில் வாருங்கள். மறுநாள் ஏற்ற முடிகிற அளவுக்கே வாருங்கள். வாரிய உப்பு ஒரு இரவு வரப்பில் வடியட்டும், இல்லாவிட்டால் தண்ணீரைச் சுமக்கத்தான் டீசல் எரியும்.

சாயல்குடி: ஐப்பசி மழைக்கு முன் எந்தப் பக்கத்தை முடிக்கவேண்டும்?

தூரத்துப் பாத்தி, பள்ளத்துப் பாதை. களிமண் தடம் முதல் மழையிலேயே சக்கரத்தை விழுங்கும். தட்டுமேட்டை ஒட்டிய பாத்திகளைக் கடைசிக்கு வைக்கலாம். தடத்துக்குச் சரள் போட்டு, நடுவை உயர்த்தி, இருபுறமும் வடிகால் வெட்டுங்கள்.

கோப்பேரிமடம்: பழைய உப்புக் குவியல் (அம்பாரம்) இருக்கும்போது புதியதை விற்கலாமா?

பழையதை முதலில் அனுப்புங்கள். நிற்கும் அம்பாரத்தைக் கூம்பாக ஏற்றிப் பனை ஓலை வேயுங்கள்.