காற்றாடி சுற்றுகிறது, திரை வரவில்லை: புதுக் கணினி கேள்வி பதில்

கோலாலம்பூரில் (கேஎல்) கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் சாமான் வாங்கி, வீட்டிலேயே கணினி பொருத்தியவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. இவர்களில் சிலர் ஏதோ ஒரு சாமான் செத்துவிட்டது என்று முடிவுகட்டியே எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

செந்தூலிலிருந்து: அண்ணே, ரைசன் 5 7600 சிபியு (கணினியின் மூளை), பி650 போர்டு (எல்லாச் சாமானும் பொருந்தும் மதர்போர்டு), டிடிஆர்5 ரேம் (தற்காலிக நினைவகம்) இரண்டு. காற்றாடி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே இல்லை. பலமுறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன். ரேம் போய்விட்டதா?

அணைத்து அணைத்துப் போடுவதுதான் இங்கே வினை, தம்பி. உங்கள் பி650 போன்ற ஏஎம்5 போர்டு முதன்முறை எழும்போது, ரேம் எந்த வேகத்தில் ஒழுங்காகப் பேசுகிறது என்று சோதித்துப் பார்க்கும். இதை மெமரி டிரெயினிங் என்பார்கள். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். நடுவில் தானாக அணைந்து எழவும் செய்யலாம். ரேம் கூடக் கூட நேரமும் கூடும். நீங்கள் நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு கால் மணி நேரம் அதைத் தொடாதீர்கள். மாமாக் கடையில் ஒரு தே தாரிக் (இழுத்த தேநீர்) குடித்துவிட்டு வரலாம்.

வந்தும் கறுப்பாக இருந்தால் போர்டின் ஓரத்தைப் பாருங்கள். பெரும்பாலான போர்டுகளில் சிபியு, டிரேம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (வட்டு) என்று நான்கு சின்ன விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ, சோதனை அங்கே மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். டிரேம் என்றால் ஒரு ரேமைக் கழற்றிவிட்டு, மற்றதை ஏ2 என்ற ரேம் குழியில் (ஸ்லாட்) போடுங்கள். நான்கு குழி உள்ள போர்டில் சிபியு பக்கமிருந்து இரண்டாவது. 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும், பயப்படாதீர்கள். சிபியு விளக்கு என்றால் போர்டின் மேல் மூலையில் இருக்கும் 8 பின் கேபிளைப் பாருங்கள். 24 பின் பெரிதாகக் கண்ணில் படுவதால் அதை யாரும் மறப்பதில்லை, இதைத்தான் மறப்பார்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து: ஐ5-12400எஃப் சிபியு. மானிட்டரில் 'நோ சிக்னல்'. எச்டிஎம்ஐ கேபிள் புதுசு.

கேபிளைப் போர்டில் செருகியிருப்பீர்கள். 'எஃப்' வால் உள்ள இன்டெல் சிப்பில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. கேபிளைக் கிராபிக்ஸ் கார்டுக்கு மாற்றுங்கள்.

கெப்போங்கிலிருந்து: பி650 போர்டில் ரைசன் 5 9600எக்ஸ் போட்டேன். சிபியு விளக்கு மட்டும் எரிகிறது. சிபியு கெட்டுவிட்டது, வேறு வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர்.

காசைக் கையில் வைத்திருங்கள். பி650 போர்டுகள் வந்தது 2022-இல். உங்கள் சிபியு வந்தது 2024 ஆகஸ்ட்டில். கடையில் நாள்பட்டுக் கிடந்த போர்டு என்றால் அதிலுள்ள பழைய பயோஸுக்கு (போர்டை எழுப்பும் மென்பொருள்) இந்தச் சிபியுவைத் தெரியாது. போர்டின் பின்பக்கம் பயோஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், புதுப் பயோஸ் கோப்பை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் போட்டு, கையேடு சொல்லும் பெயரை வைத்து, குறியிட்ட யூஎஸ்பி துளையில் செருகி அந்தப் பொத்தானை அழுத்துங்கள். சிபியு இல்லாமலேயே இது நடக்கும். நடுவில் கரண்ட் போகக்கூடாது. கேஎல் மாலை மழை இடியோடு இறங்கும் நேரத்தில் மட்டும் இதை ஆரம்பிக்காதீர்கள்.

செராஸிலிருந்து: பயோஸில் என்விஎம்இ வட்டு (எஸ்எஸ்டி) தெரிகிறது. விண்டோஸ் 11 போடும்போது வட்டுப் பட்டியல் காலி. இன்டெல் 12-ஆம் தலைமுறை.

இது விஎம்டி வேலை, வட்டை இன்டெல்லின் தனி டிரைவர் வழியாகவே காட்டும் அமைப்பு அது. இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து இந்தத் தொல்லை உண்டு. ரெய்டு (பல வட்டுகளை ஒன்றாகச் சேர்ப்பது) அமைக்கப் போவதில்லை என்றால் பயோஸில் விஎம்டியை அணைத்துவிடுங்கள், வட்டு தெரியும். இல்லையென்றால் இன்டெல்லின் ஆர்எஸ்டி டிரைவரைப் பென்டிரைவில் விரித்து வைத்து, 'லோட் டிரைவர்' வழியாகக் காட்ட வேண்டும். எதைச் செய்தாலும் விண்டோஸ் போடுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். பிறகு மாற்றினால் விண்டோஸ் எழாமல் போகலாம்.

பத்துமலையிலிருந்து: இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது என்கிறது. எல்லாம் புதுசுதானே?

புதுசுதான், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி அணைந்திருக்கிறது. பயோஸில் இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம், அதைப் போடுங்கள். பழைய முறையில் எழுப்பும் சிஎஸ்எம்மை அணைத்து செக்யூர் பூட்டையும் போட்டுவிடுங்கள். சோதனையைத் தாண்டும் குறுக்குவழிகள் இருக்கின்றன, புதுச் சாமானுக்கு அது எதற்கு?

அவரே: சரி, போட்டேன். இப்போது இணையம் கேட்டு நிற்கிறது. வைஃபை தெரியவில்லை.

வைஃபை டிரைவர் இன்னும் ஏறவில்லை. கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் (கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குத் தருவது) போடுங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

செந்தூலிலிருந்து ஓர் அக்கா: தம்பி, மகன் புதுப் பவர் சப்ளையில் பழைய பவர் சப்ளையின் கேபிளைச் செருகியிருக்கிறான். கச்சிதமாகப் பொருந்துகிறது. பரவாயில்லையா?

கழற்றச் சொல்லுங்கள் அக்கா, இப்போதே. கேபிளின் பவர் சப்ளை பக்க முனைக்குப் பொதுவான விதி எதுவும் இல்லை. பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனியின் வேறு மாடலில்கூட மாறலாம். பொருந்தினாலும் 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போய் வட்டு எரிந்துவிடலாம். புதுப் பவர் சப்ளையோடு வந்த கேபிளை மட்டும் போடச் சொல்லுங்கள். சுவிட்சை இன்னும் தட்டவில்லை என்றால் சாமானுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.