ஹார்ன் எந்தப் பக்கம் பாத்துச்சு? மில்லிமீட்டர் அலை கேள்வி-பதில்

மில்லிமீட்டர் அலை, அதாவது அலைநீளத்த மில்லிமீட்டர்ல அளக்கற ரேடியோ அலை பத்தி இந்தத் தடவை வந்த கேள்வியெல்லாம் ஃபைனல் இயர் பசங்களோடதுதான், கிண்டி பக்கம் ஏதோ ப்ராஜெக்ட் சீசன் போல.

கே: ஃப்ரீக்வென்சி ஏறினா சிக்னல் செத்துரும்னு சொல்றாங்களே சார், அப்புறம் எதுக்கு 28 கிகாஹெர்ட்ஸ்?

பாதி உண்மை. ரெண்டு பக்கமும் ஆன்டெனா கெய்ன் (ஒரே திசைல சக்திய குவிக்கற அளவு) மாறாம 2.8ல இருந்து 28க்குப் போனா 20 டிபி (டெசிபல்) போயிடும், அதாவது நூறுல ஒரு பங்குதான் மிஞ்சும். ஆனா அலைநீளம் 10.7 செ.மீ.ல இருந்து 1 செ.மீ. சொச்சத்துக்கு சுருங்குதுல்ல, அதே சைஸ் ஆன்டெனாவுக்கு ஒவ்வொரு பக்கமும் 20 டிபி கெய்ன் ஏறும், கழிச்சுப் பாத்தா 20 டிபி லாபம்தான். பீம் ஊசி மாதிரி ஆயிடும், குறி தப்பினா போச்சு.

கே: 10 டிகிரி அகலம் மட்டும் பாக்குற ஹார்ன் (வாய் விரிஞ்ச குழாய் மாதிரி ஆன்டெனா) வச்சு காரிடார்ல அளந்தோம், டிலே ஸ்ப்ரெட் (எக்கோவெல்லாம் எவ்வளவு நேரம் பரவி வருதுங்கற அளவு) 3 நானோசெகண்ட்தான் வருது. கைடு நம்ப மாட்டேங்கறார்.

உங்க கைடு பக்கம்தான் நான். ஹார்ன் நேரா மட்டும் பாக்குது, பக்கத்து சுவத்துல பட்டு லேட்டா வர்ற எக்கோவ அது கண்டுக்கவே இல்ல, அதனால இது சேனலோட (அலை வர்ற வழியோட) நம்பர் இல்ல, சேனலும் ஹார்னும் சேந்த நம்பர். 10 டிகிரி 10 டிகிரியா 36 தடவ சுத்துங்க, மேல கீழயும் சாய்ச்சு எடுங்க, எல்லா பவரையும் கூட்டி ஹார்ன் கெய்ன கழிங்க, அப்பதான் கொஞ்சமாவது நம்பலாம். ஃப்ரீக்வென்சிய 2 கிகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஸ்வீப் பண்ணா அரை நானோசெகண்ட், அதாவது 15 செ.மீ. வித்தியாசம் வரைக்கும் பாதைங்கள பிரிச்சுப் பாக்கலாம். கேபிள மட்டும் அசைக்காதீங்க, ஃபேஸ் (அலையோட கட்டம்) ஓடிரும், அளவு கெட்டுடும்.

சுத்தி முடிக்கிற வரைக்கும் எதுவும் நகரவும் கூடாது. நான் மாம்பலத்துல மொட்டை மாடில ப்ரொட்ராக்டர் ஒட்டுன ஸ்டாண்ட கையால திருப்பி அளந்துட்டு இருந்தேன், பாதில பக்கத்து வீட்டு மாமி வந்து ஈரப் புடவைய கொடில போட்டுட்டுப் போயிட்டாங்க, ரீடிங் தடால்னு விழுந்துச்சு. புடவை காஞ்சதும் முதல்ல இருந்து.

கே: ஐப்பசி மழைல லிங்க் நிக்குமா?

மணிக்கு 100 மி.மீ. கொட்டினா 28 கிகாஹெர்ட்ஸ்ல கிலோமீட்டருக்கு சுமார் 18 டிபி போகும், 200 மீட்டருக்கு நாலு டிபி கூட வராது. மழைய விட மரம்தான் தொல்லை, நடுவுல வேப்பமரம் இருக்கான்னு முதல்ல பாருங்க.

கே: 60 கிகாஹெர்ட்ஸ்ல சிக்னல ஆக்சிஜன் முழுங்கிடுமாமே?

கிலோமீட்டருக்கு 15 டிபி, ரூமுக்குள்ள ஒண்ணுமே இல்ல. 1890கள்லயே கல்கத்தாவுல ஜகதீஷ் சந்திர போஸ் 5 மி.மீ. அலை, அதாவது இதே 60 கிகாஹெர்ட்ஸ் வச்சு வேலை பண்ணிட்டார், அதுவும் ஹார்ன் வச்சுதான், அவர் அத புனல்னு சொன்னார்.