ஓங்கிய கை

அன்புள்ள ஐயா,

மூளை பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். நாம் முடிவெடுத்ததாக உணர்வதற்கு முன்பே மூளை வேலையைத் தொடங்கிவிடுகிறது என்று மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட்டின் சோதனை காட்டியதாமே. எல்லாவற்றுக்கும் முந்தைய காரணம் உண்டென்றால், நம் விருப்பம் என்று ஒன்று இருக்க முடியுமா? இரண்டும் ஒத்துப்போகும் என்பவர்கள் வார்த்தை விளையாட்டு ஆடுகிறார்களா? குவாண்டம் இயற்பியல் விடை தருமா? எனக்கு முன்கோபம். அப்பாவுக்கும் அப்படித்தான். போன மாதம் தம்பியிடம் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன். அன்று என்னால் வேறு மாதிரி நடந்திருக்கவே முடியாது என்று இப்போது புரிகிறது. அப்புறம் நான் ஏன் வருந்த வேண்டும்?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தில் என்னைத் தைத்தது அந்தத் தம்பி விஷயம்தான். நானும் சில வாரங்களாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

குவாண்டத்தைத் தள்ளிவைப்போம். மூளையில் ஏதோ ஒரு துகள் காரணமில்லாமல் இந்தப் பக்கம் சாய்ந்ததால் நீங்கள் வாய் திறந்தீர்கள் என்றால், அது வலிப்பில் கை உதறுவது போலத்தான். ஒருவருடைய இயல்பிலிருந்து வராமல் தற்செயலாக வந்த செயலுக்கு அவரைக் குறைசொல்ல முடியாது என்று தத்துவவாதி டேவிட் ஹியூம் 1748லேயே சொல்லிவிட்டார்.

லிபெட் 1983ல் வெளியிட்ட சோதனையில், உங்களுக்குத் தோன்றும்போது மணிக்கட்டை அசையுங்கள் என்றார்கள். அசைவுக்கு அரை நொடிக்கும் சற்று முன்பே மூளையில் மின்மாற்றம் எழுந்தது. 'அசைக்கப்போகிறேன்' என்ற உணர்வு சுமார் 0.2 நொடி முன்னால்தான் வந்தது. சரி. ஆனால் மணிக்கட்டை இப்போது அசைப்பதா, அடுத்த நொடி அசைப்பதா என்பதில் யோசிக்க என்ன இருக்கிறது? தம்பியிடம் என்ன பேசுவது என்பது அப்படியா? அந்த மின்மாற்றத்தை முடிவு என்று கொள்ள வேண்டியதில்லை, மூளையின் இயல்பான ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம் என்று 2012ல் ஆரன் ஷுர்கரும் சக ஆய்வாளர்களும் வாதிட்டார்கள். மன்னிப்புக் கேட்காமல் தப்பிக்க ஓர் ஆய்வுக்கூடத்தைத் துணைக்கு இழுக்காதீர்கள்.

நீங்கள் சறுக்குவது வேறு இடத்தில். காரண காரியத்தையும் விதியையும் குழப்பிக்கொண்டீர்கள். நீ என்ன செய்தாலும் முடிவு இதுதான் என்பது விதி. நீ இதைச் செய்வதால்தான் முடிவு இப்படி என்பது காரண காரியம். இரண்டும் நேர் எதிர். குணமாக வேண்டுமென்று இருந்தால் குணமாவேன், மருத்துவரை ஏன் கூப்பிட வேண்டும் என்ற பேச்சுக்குப் பழைய கிரேக்கர்கள் 'சோம்பேறி வாதம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். குணமாவது விதிக்கப்பட்டிருந்தால் மருத்துவரைக் கூப்பிடுவதும் சேர்ந்தே விதிக்கப்பட்டிருக்கும் என்று பொ.மு. 3ஆம் நூற்றாண்டில் கிறிசிப்பஸ் என்ற கிரேக்கத் தத்துவவாதி பதில் சொன்னார். நீங்கள் யோசிப்பது காரண காரியச் சங்கிலிக்கு வெளியே இல்லை, அதில் ஒரு கண்ணி. வருந்துவதும் ஒரு கண்ணிதான். அதைத்தான் கழற்றப் பார்க்கிறீர்கள்.

என் அப்பா அடிப்பார். என்ன ஏது என்று கேட்க மாட்டார். என் மகனுக்கு அப்போது எட்டு வயதிருக்கும். கடன் வாங்கிக் கழித்தல் சொல்லிக்கொடுப்பேன். இரண்டு முறை தப்பாகப் போட்டால் என் கை போய்விடும். அது அப்பாவின் கை, அதே வேகம். ஒரு நாள் ஓங்கினேன். அவன் பென்சிலைக் கீழே வைக்காமலே இடது முழங்கையைத் தூக்கி முகத்தை மறைத்தான். அழித்து அழித்து நோட்டில் தாள் கிழிந்திருந்தது. நானும் சின்ன வயதில் அப்படித்தான், இடது முழங்கையால், மறைப்பேன். கை அப்படியே நின்றுவிட்டது.

அது நின்றதற்குக் காரணம் இல்லையா? இருந்தது. அந்த முழங்கையைப் பார்த்தது காரணம். நான் வாங்கிய அடி நினைவிருந்தது காரணம். அதுவரை அடித்ததற்கும் அப்பாதான் காரணம், அன்று நிறுத்தியதற்கும் அப்பாதான் காரணம். எனக்கு வேண்டிய சுதந்திரம் இவ்வளவுதான்: கண்ணில் பட்டது கைக்குப் போய்ச் சேர வேண்டும். வலிப்பில் உதறும் கையை எந்தக் குழந்தையின் முகமும் நிறுத்தாது. காரணமும் சுதந்திரமும் ஒத்துப்போகும் என்ற இந்த மாதிரிப் பேச்சைப் பரிதாபமான சமாளிப்பு என்று தத்துவவாதி காண்ட் 1788ல் திட்டினார். அந்த மேஜையில் உட்கார்ந்திருந்த எனக்கு அது சமாளிப்பாகத் தெரியவில்லை.

அன்று வேறு மாதிரி நடந்திருக்க முடியாது என்கிறீர்கள். அதே ஆள், அதே கோபம், அதே நொடி என்றால் முடியாதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆள் நீங்கள்தானே? கோபக்காரர் வீட்டில் வளர்வது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன். தம்பியிடம் போங்கள். ஹியூமைப் பற்றிப் பேச வேண்டாம்.

போன வருடம் மகனிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். முப்பது வயதாகிறது அவனுக்கு. அதற்கு முன் விழுந்த அடிகள் எல்லாம் நினைவிருக்கின்றன என்றான். அன்று கை நின்றதை அவன் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தானாம்.