தையல் ட்ரெய்னிங் போனா சம்பாதிக்க முடியுமா? காரைக்குடி பக்கத்துல இருந்து ஒரு பதில்

கேள்வி கேட்டவங்க காரைக்குடி பக்கத்துக் கிராமம், வயசு 36, பத்தாவது வரைக்கும் படிப்பு. கவர்மெண்ட் இலவச தையல் பயிற்சிக்குப் போனா வருமானம் வருமா, இல்ல வேற எதாவது கத்துக்கலாமான்னு கேட்டிருக்காங்க.

வரும். ஆனா தையல்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி உங்க ஊர்ல எத்தனை வீட்டு வாசல்ல பிளவுஸ் தைக்கிற போர்டு தொங்குதுன்னு ஒரு நடை நடந்து பாத்துட்டு வாங்க. நான் கோட்டையூர் பக்கம், பலகாரம் போட்டு ஆர்டர் எடுத்து விக்கிறேன். எங்க குழுவுலயே தையல் சர்டிபிகேட் வச்சிருக்கவங்கதான் அதிகம், அதுல பாதிப் பேரு வீட்ல மெஷின் மேல துவைச்ச துணிதான் குமிஞ்சு கிடக்கும். தையல் மோசமான தொழில்னு சொல்ல வரல. சாதா பிளவுஸ் எல்லாருந்தான் தைக்கிறாங்க, ஆனா கல்யாண பிளவுஸ் ஆரி ஒர்க்கோட, முதல் தடவையிலயே ஃபிட்டிங் உக்கார்ற மாதிரி தைக்கிறவங்க கம்மி, அப்படி ஒருத்தங்ககிட்ட முகூர்த்த மாசத்துல துணி குடுத்துப் பாருங்க, நாலு தடவை நடக்க விட்டுத்தான் தருவாங்க, அவ்ளோ டிமாண்டு. பயிற்சியில மெஷின் ஓட்டவும் அளவு எடுக்கவும் வந்துரும், ஆனா காசு பாக்கணும்னா அது முடிஞ்சதும் ஒரு நல்ல டெய்லர்கிட்ட உக்காந்து ஹெம்மிங், கொக்கின்னு பண்ணிக்கிட்டே கட்டிங்கை கண்ணால பாத்துப் பழகணும், அதுக்கு முதல்லயே மனசைத் தயார் பண்ணிக்கோங்க.

சரி, எங்க போறது? சிவகங்கையில ஐஓபி, அதாவது இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், நடத்துற கிராமப்புற சுயவேலைவாய்ப்பு பயிற்சி மையம் இருக்கு, ஆர்செட்டின்னு சொல்வாங்க. கர்நாடகாவுல உஜிரேங்கிற ஊர்ல 1982ல ஆரம்பிச்ச ஒரு பயிற்சி மையத்தைப் பாத்துதான் நாடு முழுக்க மாவட்டத்துக்கு ஒண்ணுன்னு பேங்க் மூலமா நடத்துறாங்க. (ஐஓபியே நம்ம ஊர் ஆளு ஆரம்பிச்சதுதான். 1937ல சிதம்பரம் செட்டியார் தொடங்குனப்ப முதல் நாளே மெட்ராஸ், ரங்கூனோட சேத்து காரைக்குடியிலயும் கிளை திறந்தாங்க.) பயிற்சி இலவசம், சாப்பாடும் அங்கயே. தையல், பியூட்டி பார்லர் மாதிரி கோர்ஸ் ஒரு மாசம் வாக்குல ஓடும், அப்பளம் ஊறுகாய் மசாலாப்பொடி பத்து நாள்தான். முடிச்ச பிறகும் ரெண்டு வருஷம் கேட்டு விசாரிச்சு லோனுக்கு வழி காட்டணும்னு அவங்களுக்கு விதி இருக்கு, அதனால கோர்ஸ் முடிஞ்சதும் கும்பிடு போட்டுட்டு வந்துராதீங்க, சார் மேடம் நம்பரை வாங்கி வச்சுக்கிட்டு விடாம தொந்தரவு பண்ணுங்க.

சேர்றதுக்கு முன்னாடி நான் கேக்கச் சொல்றது ஒரே கேள்விதான், இதைக் கத்துக்கிட்டா யாரு என்கிட்ட வாங்குவா? கொட்டான்னு சொல்ற ஓலைக்கூடையையே எடுத்துக்கோங்க. முந்தி செட்டியார் வீட்டு ஆச்சிமாருங்க பனங்குருத்தோலையைக் காயவச்சு, கிழிச்சு, சாயம் போட்டுப் பின்னி, மேல துணியும் மணியும் வச்சுத் தச்சு கல்யாணத்துக்குக் குடுப்பாங்க, அப்புறம் பிளாஸ்டிக்கும் எவர்சில்வரும் வந்து அது கிட்டத்தட்ட செத்தே போச்சு. எம்.ஆர்எம்.ஆர்எம். ஃபவுண்டேஷன்ங்கிற பண்பாட்டு அறக்கட்டளைக்காரங்க மறுபடி சுத்துப்பட்டு கிராமத்துப் பொம்பளைங்களுக்குக் கத்துக்குடுத்தாங்க, கத்துக்குடுத்ததோட விடாம புது டிசைன் குடுத்தாங்க, விக்கிறதுக்கு இடமும் பாத்தாங்க, யுனெஸ்கோ அங்கீகாரமும் புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு. பின்னத் தெரிஞ்ச கை எப்பவும் இருந்துச்சு, வாங்குற கையைக் கொண்டாந்த பிறகுதான் கூலி வந்துச்சு. கண்டாங்கிச் சேலைக்கும் 2019ல புவிசார் குறியீடு வந்துருச்சு, ஆனா தறி வேலை வீட்ல தறி உள்ளவங்களுக்குத்தான் சரிப்படும், புதுசா நீங்க இறங்கணும்னு நான் சொல்ல மாட்டேன்.

உங்களுக்குக் கைமுறுக்கு சுத்த வருமா, மணகோலம், சீப்புச்சீடை தெரியுமா? அப்படின்னா பலகாரத்தை யோசிங்க. அறுபதாங்கல்யாணம், பிள்ளையார் நோன்பு, செவ்வாய்ப் பொங்கல்னு வெளியூர்ல இருக்கவங்க ஊருக்கு வர்றப்பல்லாம் திரும்பிப் போறப்ப டப்பா டப்பாவா கட்டிக்கிட்டுத்தான் போவாங்க, சிங்கப்பூருக்கும் போவுது, அதனால பேக்கிங்கும் கெட்டுப்போகாத கணக்கும் தெரிஞ்சிருந்தா ஆர்டர் தானா வரும். இதுல ருசி ஒரு பக்கம், விலை போடத் தெரியிறதுதான் பெரிய வித்தை. அரிசி, உளுந்து, எண்ணெய், கேஸ் எல்லாம் கூட்டுவாங்க, அடுப்புல நின்ன தன்னோட கூலியை மட்டும் கூட்ட மாட்டாங்க, "வீட்ல சும்மாதான இருக்கேன்"ன்னு வேற சொல்வாங்க. எனக்கு அதைக் கேட்டாலே கோவம் வரும். வேற ஆளை வச்சு சுத்த விட்டா என்ன குடுப்பீங்களோ அதை உங்களுக்கும் போட்டுட்டுத்தான் லாபமே பாக்கணும். விக்க ஆரம்பிக்கும்போதே உணவுப் பாதுகாப்புத் துறையில பதிவும் எடுத்துருங்க, சின்ன அளவுக்கு ஃபீஸ் பெரிசா ஒண்ணும் ஆகாது, அது இல்லாம கடைக்காரங்க சரக்கை எடுக்கவே யோசிப்பாங்க.

பணத்துக்கு, உங்களுக்கு 35 தாண்டிருச்சுங்கிறதால தமிழ்நாடு அரசோட கலைஞர் கைவினைத் திட்டம் பாக்கலாம். 2025ல வந்தது, தையல், கூடை பின்றது உட்பட 25 தொழிலுக்கு 3 லட்சம் வரைக்கும் லோன், அதுல 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 மானியம். பிரதமர் பேர்ல உள்ள பிஎம்இஜிபிங்கிற மத்திய அரசு சுயதொழில் லோன் திட்டத்துல கிராமத்துப் பொம்பளைங்களுக்கு 35 சதவீதம் மானியம், கைக்காசு 5 சதவீதம் போட்டாப் போதும், ஆனா அந்த மானியம் கையில வராது, மூணு வருஷம் பேங்க்லயே டெபாசிட்டா கிடந்து அப்புறந்தான் லோன்ல கழியும், தவணை ஒழுங்கா கட்டியிருக்கணும். மானியம் வாங்கித் தர்றேன்னு கமிஷன் கேட்டு வர்றவங்களை வாசல்லயே நிறுத்துங்க, நேரா மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்க.

லோன், கணக்கு எல்லாம் உங்க பேர்லயே இருக்கட்டும், ஏடிஎம் கார்டும் உங்க கையில இருக்கட்டும். மெஷினை இப்பவே வாங்கிறாதீங்க, முதல்ல நாலு பேரு துணி குடுக்குறாங்களா பாருங்க.