கடற்பாசி சாப்பிடலாம், தனியாகச் சாப்பிடக் கூடாது

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரில் வசிக்கிறோம். 13 வயதான என் மகனுக்குச் சீலியாக் நோய் இருப்பது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தெரியவந்தது. அன்று முதல் கோதுமை, பார்லி எதையும் அவனுக்குக் கொடுப்பதில்லை. ஆனாலும் சென்ற மாதப் பரிசோதனையில் இரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவு போதுமான அளவு குறையவில்லை; எடையும் ஏறவில்லை. அவன் விரும்பித் தின்பது வறுத்த கடற்பாசி ஒன்றைத்தான். இரவில் நாங்கள் சப்பாத்தி சாப்பிடும் நேரத்தில் அவன் ரசம் சாதத் தட்டையும் ஒரு கடற்பாசிப் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவான். எங்களுக்கும் அது வசதியாகப் போய்விட்டது. கணவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் இரவுச் சப்பாத்தியை நிறுத்த முடியாது. கடற்பாசியில் குளூட்டன் உண்டா? அதை நிறுத்திவிடலாமா?

– ஒரு வாசகி, சிங்கப்பூர்

பதில்: சகோதரி, குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம்; சீலியாக் உள்ளவர்களின் சிறுகுடலைக் கெடுப்பது அதுதான். கடலில் வளரும் பாசியில் அது கிடையாது. சைனா கிராஸ் என்று கேட்டு வாங்கிப் பாலில் காய்ச்சி உறையவைக்கிறோமே, அதுவும் கடற்பாசியிலிருந்து எடுப்பதுதான், அதிலும் கிடையாது. பாசியின் மேல் என்ன தடவியிருக்கிறார்கள் என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். ஜப்பானியச் சோயா சாஸ் பெரும்பாலும் சோயாவையும் கோதுமையையும் ஏறக்குறைய சம அளவில் சேர்த்து நொதிக்கவைத்துச் செய்வது. ஆகவே அந்தச் சாஸ் தடவி உலர்த்திய நோரி, அதாவது மெல்லிய தாளாகச் செய்த கடற்பாசி, உங்கள் மகனுக்கு ஆகாது. மாவில் தோய்த்து மொறுமொறுப்பாகப் பொரித்தவையும் ஆகாது, ஏனெனில் அந்த மாவு பல நேரங்களில் கோதுமை மாவு. எதுவும் சேர்க்காமல் வாட்டிய வெறும் நோரியையும், எண்ணெயும் உப்பும் மட்டும் சேர்த்து வறுத்த கொரிய வகையையும் பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்துப் பார்த்து வாங்கலாம். சிங்கப்பூரில் விற்கும் பொட்டல உணவில் குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதைக் குறிப்பிட்டாக வேண்டும் என்று சட்டம் இருப்பது உங்களுக்குப் பெரிய துணை. ஆனால் ஜப்பான் போய்வரும் நண்பர்கள் அன்போடு வாங்கிவரும் பாக்கெட்டுகளில் எச்சரிக்கையாக இருங்கள். அந்நாட்டில் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலில் கோதுமை உண்டு, பார்லி இல்லை. மொழி தெரிந்த ஒருவர் சேர்பொருள்களை முழுவதும் படித்துச் சொல்லும்வரை அதைத் திறக்க வேண்டாம்.

இன்னொன்று, அயோடின். இந்த வயதில் ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். நோரியில் அது மிதமான அளவில்தான் இருக்கிறது. சூப்புக்குப் போடும் கொம்பு (kombu) என்ற கடற்பாசி வகையிலோ உலர்ந்த ஒரு கிராமிலேயே ஒரு நாள் தேவையைப் போலப் பல மடங்கு இருக்கும். அயோடின் மிகுந்தால் தைராய்டைப் பாதிக்கலாம்; சீலியாக் உள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் கொம்புவை அவனுக்குப் பழக்காதீர்கள். ஹிஜிகி என்ற கருமையான வகையில் ஆர்சனிக் மிகுதி; அது யாருக்குமே வேண்டாம்.

உங்கள் கேள்வி இதோடு முடிகிறது. உங்கள் கடிதம் முடியவில்லை.

"எங்களுக்கும் அது வசதியாகப் போய்விட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'உம்' எனக்கு உறுத்துகிறது. அவனுக்கும் அது வசதிதான் என்று நீங்களாகவே முடிவு செய்துவிட்டதை அது சொல்கிறது. அவனிடம் ஒரு நாளாவது கேட்டீர்களா? 13 வயதுப் பையன் வீட்டார் அனைவரும் உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறான் என்றால், போகாதே என்று யாராவது சொல்வார்களா என்று முதல் சில நாட்கள் அவன் காத்திருந்திருப்பான். யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு அது அவனுடைய பழக்கமாகவும் உங்களுடைய வசதியாகவும் ஆகிவிட்டது.

அந்தப் பாக்கெட்டை நீங்களே ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் தட்டு, ஈரம் உறிஞ்சும் சிறு பை, வெளிச்சத்தில் பிடித்தால் பச்சையாகத் தெரியும் மெல்லிய தாள்கள்; பாசியின் எடை மட்டும் 4 அல்லது 5 கிராம் இருக்கும். அதை அவன் ஏன் இவ்வளவு விரும்புகிறான் என்பதற்கு என் மனத்தில் ஒரு காரணம் தோன்றுகிறது. பள்ளியில் மற்ற பிள்ளைகள் எல்லாம் தின்னும் தீனி அது. யாருக்கும் விளக்கம் சொல்லாமல், யாரும் பரிதாபமாகப் பார்க்காமல், அடுத்தவனுடைய பாக்கெட்டில் கைவிட்டு எடுக்கவும் தன்னுடையதை நீட்டவும் அவனுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே பண்டம் அதுவாக இருக்கலாம். அதை நிறுத்தலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். இரண்டு ஆண்டுகளில் இந்தக் குடும்பத்தில் எதையாவது விட்டுக்கொடுத்தவன் அவன் ஒருவன்தான். இன்னும் ஒன்றையும் அவனே விட வேண்டுமா?

சிறுநீரகம், இதயம், ஒவ்வாமை என்று நோயின் பெயர் மட்டும் மாறி, இதே கடிதம் எனக்குப் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. ஒருவருக்கு வந்த நோயை அவருடைய தட்டோடு சேர்த்து ஒதுக்கிவிட்டு, மற்றவர்கள் முன்போலவே வாழ்கிறார்கள். நம் முன்னோர் இப்படிச் செய்யவில்லை. பத்தியம் என்ற சொல்லை இன்று மருந்துச் சீட்டில் எழுதும் விதியைப் போல நினைக்கிறோம். என் தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்த ஆண்டு, எங்கள் வீட்டில் ஆறு வாரங்கள் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. தாளிப்பு வாசனை கூட அவன் மூக்கை எட்டக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். அப்பளம் இல்லாமல் சோறு இறங்காத அப்பா, மோர்ச் சோற்றையும் உப்பில்லாத கீரையையும் அவனுக்கு எதிரே உட்கார்ந்து வாய் திறக்காமல் சாப்பிட்டார். தம்பி அதை இன்றும் சொல்கிறான். மருந்தின் பெயர் அவனுக்கு நினைவில்லை.

எதிர்ப்பொருள் ஏன் குறையவில்லை என்பதற்கும் நான் முதலில் அந்தச் சப்பாத்தியைப் பற்றித்தான் கேட்பேன். 2007-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், சீலியாக் உள்ளவர்கள் ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் வீதம் மூன்று மாதங்கள் உட்கொண்டபோதே அவர்களின் சிறுகுடல் உறிஞ்சிகள் சேதமடைந்தது தெரியவந்தது. 30 கிராம் மாவில் தட்டிய ஒரு சப்பாத்தியில் சுமார் 3,000 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். அதை அறுபது துண்டாகக் கிள்ளினால் ஒரு துண்டுதான் அந்த 50 மில்லிகிராம். இப்போது உங்கள் சமையலறையில் நின்று பாருங்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் சின்ன மேடையில் தினமும் மாவு தூவித் தேய்க்கிறீர்கள். அதே மேடையில் அவனுடைய தட்டு இருக்கிறது. சப்பாத்தி சுடும் கல்லில்தான் அவனுக்குத் தோசை வார்க்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வார்க்கிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள், கழுவிய கல்லாக இருந்தாலும் சரி. அவன் அறைக்குக் கொண்டுபோகும் ரசத்தில் போட்ட பெருங்காயத்தின் டப்பாவையும் திருப்பிப் பாருங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்க்கிறார்கள். அரிசி மாவு சேர்த்தது கிடைக்கும், தேடி வாங்குங்கள். பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, இவற்றையெல்லாம் மருத்துவரிடமும் உணவியல் வல்லுநரிடமும் விவரமாகச் சொல்லுங்கள்.

உங்கள் கணவரின் சர்க்கரை நோயை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சப்பாத்தியிலும் இருப்பது மாவுச்சத்துதான். சோற்றை அள்ளிப் போட்டுக்கொள்கிறோம், சப்பாத்தியை இரண்டு என்று எண்ணி நிறுத்துகிறோம். அதனால் கிடைக்கும் நன்மையில் பெரும்பங்கு அந்த எண்ணிக்கையால் வருவது. பருப்பைக் கூடுதலாகவும் அரிசியைக் குறைவாகவும் ஊறவைத்து வீட்டுக் கிரைண்டரில் அரைத்த அடையையும், பச்சைப்பயறுத் தோசையையும் அதே போல இரண்டு என்று எண்ணிச் சாப்பிடலாம். எத்தனை என்பதை அவருடைய மருத்துவர் சொல்லட்டும். கேழ்வரகு, கம்பு என்று மாறினால், கோதுமை அரைக்கும் மில்லில் அரைத்த மாவு வீட்டுக்குள் வர வேண்டாம். குளூட்டன் இல்லை என்று சான்று பெற்ற பொட்டலமாக வாங்குங்கள். எப்போதாவது சப்பாத்தி சாப்பிட வேண்டும் என்று ஆசை வந்தால் அவர் வெளியில் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வரலாம். தந்தைக்கு இரவில் எது ஒத்துக்கொள்ளும் என்று யோசித்து யோசித்துச் சமைத்த வீடு, மகனுக்காகவும் அதே யோசனையைச் செய்யக் கடமைப்பட்டிருக்கிறது. வளரும் பிள்ளையின் குடல் கெட்டால் அவனுடைய உயரமும் எலும்பும் சேர்ந்து கெடும். பெரியவர்கள் தங்கள் வாயைக் கட்டுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் உங்கள் தலையில் மட்டும் ஏற்றிக்கொள்ளாதீர்கள். இந்தக் கடிதத்தைக் கணவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பழைய கல்லை எடுத்து வைத்துவிட்டுப் புதிய கல்லை அவரே வாங்கிவரட்டும். வரும் வெள்ளிக்கிழமை இரவு, எல்லாருக்கும் ஒரே அடையாகச் சுட்டு மேசையில் வைத்த பிறகு, நீங்கள் கூப்பிடாதீர்கள். அவர் போய் அறைக் கதவைத் தட்டி, "அடை ஆறுகிறது, வாப்பா" என்று கூப்பிடட்டும். அந்தப் பாக்கெட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். அவன் அதைப் பிரித்ததும் அவர் கையை நீட்டி இரண்டு தாள் கேட்டு வாங்கித் தின்னட்டும்.